வெளியூர் ரசிகர் விழாவுக்குப் புறப்படும் முன்: வாசகர் கேள்வி பதில்

காமிக்ஸ், அனிமே, அறிவியல் புனைகதை, போர்டு கேம், வீடியோ கேம் என்று எதுவாக இருந்தாலும், ரசிகர்கள் கூடும் பெரிய விழா பெரும்பாலும் வேறு ஊரில்தான் நடக்கிறது. போய்வருவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில், பலருக்கும் பயன்படும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: முதன்முறையாக மூன்று நாள் விழா ஒன்றுக்கு நண்பர்கள் நான்கு பேர் வெளியூர் போகிறோம். பேட்ஜ் (விழாவின் நுழைவு அட்டை), அறை, பயண டிக்கெட், இவற்றில் எதை முதலில் வாங்குவது?

பதில்: முதலில் அறை, அடுத்து பேட்ஜ், கடைசியில் பயணம். கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையை, விழாத் தேதி உறுதியான அன்றே பிடித்து வைத்துவிடுங்கள். பேட்ஜ் விற்பனை தொடங்கியதும் அரங்கத்தைச் சுற்றியுள்ள அறைகள் மளமளவென்று தீர்ந்துபோகும். பேட்ஜ் கிடைக்காவிட்டால் அறையை விட்டுவிடலாம். பேட்ஜுக்குக் கொடுத்த பணமோ பல விழாக்களில் திரும்பி வராது. ரத்து செய்வதற்கான கடைசி நாளையும் மணியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வேறு நாடு என்றால் அந்த மணி விடுதி இருக்கும் ஊரின் கணக்குப்படிதான்.

தூரத்தைப் பார்க்கும்போது கட்டடம் வரைக்கும் அளக்காதீர்கள், பேட்ஜைக் காட்டி நுழையும் வாசல் வரைக்கும் அளங்கள். கண்காட்சி அரங்கங்கள் நீளமானவை. வரைபடத்தில் 5 நிமிடம் என்று காட்டுவது, வாசல் மறுபக்கத்தில் இருந்தால் 20 நிமிடம் ஆகிவிடும். கனமான உடையிலோ கணினியைச் சுமந்துகொண்டோ நடப்பவருக்கு அந்தக் கால் மணி நேரம் சாதாரணமல்ல.

பேட்ஜில் பெயர் உங்கள் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். தபாலில் அனுப்புகிறார்களா, நேரில் வாங்க வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தபால் என்றால் நீங்கள் கிளம்பிய பிறகு வந்து சேர்ந்து பயனில்லை. தொலைந்த பேட்ஜுக்கு மாற்றுத் தராத விழாக்கள் பல உண்டு. கழுத்துப் பட்டியின் கொக்கி சுழலும்போது கழன்றுவிடும், அதை ஒரு சிறு கேபிள் டையால் இறுக்கிவிடுங்கள்.

விழாவுக்கு முந்தைய மாலையே ஊர் போய்ச் சேருவது நல்லது. நேரில் பேட்ஜ் தரும் இடங்களில், முந்தைய மாலை வரிசையை விட முதல் நாள் காலை வரிசை பல மடங்கு நீளும்.

இன்னொன்று, பேட்ஜ் வாங்கினால் எல்லாம் வாங்கியதாக ஆகாது. 1968-ல் அமெரிக்காவின் லேக் ஜெனீவாவில் தொடங்கி இப்போது இண்டியானாபொலிஸில் நடக்கும் ஜென் கான் போன்ற மேசை விளையாட்டு விழாக்களில், உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள் பலவற்றுக்குத் தனித்தனி டிக்கெட் உண்டு. அவற்றை முன்கூட்டியே எடுக்க வேண்டும். "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவர்கள் மூன்று நாளும் அடுத்தவர் ஆடுவதை நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

கேள்வி: காஸ்ப்ளேக்காக (கதாபாத்திரம் போல உடையணிவதற்காக) ஃபோம் கவசமும் 110 செ.மீ. வாளும் செய்திருக்கிறேன். விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது? விழாவில் வாளை அனுமதிப்பார்களா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை தேடுங்கள். ஒவ்வொரு விழாவும் ஆயுத மாதிரிகளுக்கென்று தனி விதி வெளியிடும். உலோக வாள் அலகு, உண்மையாகச் சுடக்கூடியது, உண்மைத் துப்பாக்கி போலவே தோன்றுவது ஆகியவை ஏறக்குறைய எங்கும் கூடாது. ஃபோம், மெல்லிய மரம், பிளாஸ்டிக் ஆகியவற்றை நீள வரம்புக்கு உட்பட்டு அனுமதிப்பார்கள். அந்த வரம்பு விழாவுக்கு விழா மாறும். வாசலில் பரிசோதித்து ஒரு டேக்கோ வண்ண கேபிள் டையோ கட்டுவார்கள். நாள் முழுவதும் அதை அவிழ்க்கக் கூடாது. எங்கே கட்டினால் வாளின் அழகு கெடாது என்று முன்பே யோசித்து, அந்த இடத்தில் ஒரு சிறு பள்ளம் விட்டுச் செய்தால் வேலை எளிது.

விமானத்துக்கு வாளை இரண்டாக, முடிந்தால் மூன்றாகப் பிரியும்படி செய்யுங்கள். உள்ளே பி.வி.சி. குழாய், அதற்குள் இறுக்கமாக நுழையும் மரக்கட்டை, சுழலாமல் இருக்க ஒரு திருகு. கைப்பிடியும் வாளின் அலகும் சேரும் இடத்தில் பிரிவை வைத்தால் கோடு வெளியே தெரியாது. ஃபோம் வாளாகவே இருந்தாலும் கேபினுக்குள் கொண்டுபோக நினைக்காதீர்கள். ஆயுதம் போலத் தோன்றினால் போதும், சோதனையிடத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பெட்டியில் போடுங்கள். மேலே, "நாடக உடைக்கான ஃபோம் பொருள்" என்று எழுதிய தாளையும், அதை அணிந்திருக்கும் உங்கள் படத்தையும் வையுங்கள். பெட்டியைத் திறந்து பார்ப்பவர் குழம்பாமல் மூடிவிடுவார்.

கவசத் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள். மார்புக் கவசத்துக்குள் தோள் கவசம், அதற்குள் முழங்கைத் துண்டு, இடைவெளிகளில் உடைகள். வெறும் காற்றாக விட்டால் மேலே அழுத்தும் எடை ஃபோமைத் தட்டையாக்கிவிடும். அப்படி ஆனால், 5 மி.மீ. ஃபோமை ஹீட் கன் காற்றில் மெதுவாகச் சூடாக்கி, கையால் வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் பெரும்பாலும் பழைய வடிவம் வரும். ஹேர் டிரையரின் சூடு இதற்குப் பல சமயம் போதாது.

ஸ்பிரே பெயிண்ட், கான்டாக்ட் சிமென்ட் என்ற பசை, தின்னர் மூன்றும் தீப்பற்றக்கூடியவை. பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. தொட்டுப் பூச வேண்டிய நிறத்தை அக்ரிலிக் பெயிண்டாக 20 மில்லி டப்பாவில் எடுத்துப்போங்கள். எல்.இ.டி. விளக்குள்ள உடையில் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள். ஒயர்களை உறையிட்டு ஒழுங்காகக் கட்டுங்கள். திறந்த ஒயரும் பேட்டரியும் டேப்பில் சுற்றிக் கிடப்பதை எந்தச் சோதனை அதிகாரியும் சும்மா விடமாட்டார்.

கேள்வி: போன முறை காரில் போனோம். மதியம் திறந்து பார்த்தால் 3டி பிரிண்ட் செய்த ஹெல்மெட்டின் தாடை வளைந்திருந்தது, பட்டைகளெல்லாம் கழன்றிருந்தன. எதனால்?

பதில்: வெயிலால். 3டி பிரிண்டில் வழக்கமாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் பூட்டி நிற்கும் காரில், அதுவும் பின்கண்ணாடிக்கு அடியில், அந்தச் சூட்டை எட்டுவது எளிது. அதே சூட்டில் ஹாட் க்ளூவும் தளர்ந்து, இழுவிசை உள்ள இடங்களில் முதலில் பிரியும். உங்கள் பட்டைகளுக்கு அதுதான் நடந்திருக்கும். அடுத்த ஹெல்மெட்டை பி.இ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக்கில் அச்சிடுங்கள், அது ஏறத்தாழ 80 டிகிரி வரை தாங்கும். இருக்கும் ஹெல்மெட்டை வெளிர் நிறத் துணி சுற்றி, இருக்கைக்குக் கீழே நிழலில் வையுங்கள். வண்டியை நிறுத்திச் சாப்பிடப் போகும்போது கையோடு எடுத்துப்போங்கள். பட்டைகளைக் கான்டாக்ட் சிமென்டால் ஒட்டி, இரு முனையிலும் ரிவெட் அடியுங்கள். ஹாட் க்ளூ அலங்காரத் துண்டுகளுக்கு மட்டும்.

இவ்வளவு செய்தும் ஏதாவது பிய்யும். அதற்கென்று சிறு பை ஒன்று: ஜெல் வகை சூப்பர் க்ளூ 2 குழாய், துணி டேப் 5 மீட்டர், ஊக்கு 20, ஊசி, உடையின் நிறத்தில் நூல், சிறு கத்தரி, கேபிள் டை 20, ஒட்டும் வெல்க்ரோ அரை மீட்டர், ஈரத் துடைப்பான். கத்தரியைப் பெட்டியில் அனுப்புங்கள். சூப்பர் க்ளூ பற்றி இரண்டு எச்சரிக்கைகள். பருத்தித் துணியில் அது அதிகமாகக் கொட்டினால் வேதிவினையில் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். உடலில் உடை இருக்கும்போது ஒட்டவே கூடாது. ஹெல்மெட்டின் கண்ணாடிப் பகுதிக்கு அருகே பூசினால் ஆவி படிந்து வெள்ளையாகிவிடும், அதை எளிதில் துடைத்து எடுக்க முடியாது.

விக்கை மடிக்காதீர்கள். உள்ளே மெல்லிய காகிதத்தைத் தலை வடிவில் அடைத்து, மேலே வலை போட்டு, தனிப் பையில் வையுங்கள். சிக்கல் எடுக்கும்போது அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து வேரை நோக்கி வாருங்கள். மேலிருந்து இழுத்தால் செயற்கை இழை முறுக்கிக்கொள்ளும்.

இன்னொரு விஷயம், விழாவுக்கு உடையணிந்தே வரலாமா என்று பாருங்கள். டோக்கியோவின் காமிகெட் என்ற காமிக்ஸ் விழாவில் அது கூடாது. அங்கேயே உள்ள உடைமாற்றும் இடத்தில் மாற்றி, கிளம்பும் முன் கழற்றிவிட வேண்டும்.

கேள்வி: பெரிய அட்டை விளையாட்டுப் போட்டியில் முதல்முறை பதிவு செய்திருக்கிறேன். டெக் (ஆடப்போகும் அட்டைக் கட்டு) தயார். வேறென்ன வேண்டும்?

பதில்: நேரக் கணக்கு வேண்டும். இத்தகைய போட்டிகள் பெரும்பாலும் ஸ்விஸ் முறையில் நடக்கும்: தோற்றவர் வெளியேறாமல், ஒத்த புள்ளி உள்ளவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் மோதுவார்கள். 64 பேர் என்றால் 6 சுற்று, 128 பேர் என்றால் 7 சுற்று. மேஜிக் என்ற அட்டை விளையாட்டில் ஒரு சுற்றுக்கு 50 நிமிடம் வழக்கம். தாமதம், இடைவேளை, அடுத்த இணை அறிவிப்பு எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆக 7 சுற்றுக்கு முழு நாள் போய்விடும். அன்று மாலை வேறு எதற்கும் டிக்கெட் எடுக்காதீர்கள். உணவு இடைவேளை விடாத போட்டிகளும் உண்டு. கையில் பிசுபிசுக்காத, இரண்டு நிமிடத்தில் சாப்பிடக்கூடிய ஏதாவது இருக்க வேண்டும்.

அடுத்து ஸ்லீவ், அதாவது அட்டைக்குப் போடும் பிளாஸ்டிக் உறை. முதல்முறை வருபவர்கள் தவறிழைப்பது பெரும்பாலும் இதில்தான். பழைய, புதிய ஸ்லீவ்கள் கலந்திருந்தால் பின்பக்கத்தைப் பார்த்தே அட்டையை அடையாளம் காணலாம். அதுவே "குறியிட்ட அட்டை" என்று கருதப்படும். நீங்கள் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் தண்டனை உண்டு. மேஜிக்கில் 60 அட்டை டெக், ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ள 15 அட்டை சைட்போர்டு, மொத்தம் 75. நூறு ஸ்லீவ் உள்ள ஒரே பாக்கெட் வாங்கினால் 25 மிஞ்சும். கிழிந்ததை மாற்ற அந்த 25 மட்டும்தான், வேறு பாக்கெட்டிலிருந்து எடுக்கக் கூடாது. ஒரு பாக்கெட்டுக்குள்ளேயே கூட வெட்டு சற்று மாறலாம். ஆகவே அட்டைகளைப் போடும் முன் வெற்று ஸ்லீவ்களை ஒருமுறை கலைத்துவிடுங்கள். ஆட்டத்தில் சக்தி தரும் நில அட்டைகள் எல்லாவற்றையும் வரிசையாக ஒரு பக்கத்திலிருந்து போட்டுக்கொண்டு போனால், அவை மட்டும் ஒரே அளவில் அமைந்து மாட்டிக்கொள்வீர்கள். பளபளக்கும் ஃபாயில் அட்டை ஈரப்பதத்தில் வளையும். டெக்கில் நான்கைந்து மட்டும் ஃபாயிலாக இருந்தால் அதுவும் அடையாளமே. சாதாரண அட்டையாக மாற்றிவிடுங்கள்.

டெக் பட்டியலை முந்தைய இரவு அறையில் உட்கார்ந்து, அட்டையை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதிய பட்டியலில் 59 அட்டை மட்டும் இருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் சைட்போர்டு அட்டைகளைத் திரும்ப மாற்றி, எண்ணிப் பார்த்து வையுங்கள். உயிர்ப் புள்ளிகளைப் பகடையில் வைப்பதை விடப் பேனாவும் தாளும் நல்லது. பகடை தட்டுப்பட்டால் கணக்கே போய்விடும். தாளில் இருந்தால் தகராறு வரும்போது நடுவருக்கும் காட்டலாம். தண்ணீர் பாட்டில் மேசை மேல் வேண்டாம், காலடியில் இருக்கட்டும். ஆனால் அட்டைப் பையைக் காலடியில் வைக்கவே வேண்டாம். விலையுயர்ந்த அட்டைகள் நிறைந்த ஆல்பம் நாற்காலிக்கு அடியிலிருந்து காணாமல் போவது இத்தகைய அரங்குகளில் புதிதல்ல. வார் உங்கள் தோளிலோ காலிலோ மாட்டியிருக்கட்டும்.

கேள்வி: ஃபைட்டிங் கேம் போட்டிக்குச் சொந்தக் கன்ட்ரோலர் கொண்டுபோகலாமா? நண்பன் தன் கணினியையே தூக்கிக்கொண்டு வருகிறான்.

பதில்: கொண்டுபோகத்தான் வேண்டும், பெரும்பாலான போட்டிகளில் கன்ட்ரோலர் ஆட்டக்காரர் பொறுப்பு. எந்த கன்சோலில் நடத்துகிறார்கள் என்று முதலில் கேளுங்கள், ஏனென்றால் பழைய தலைமுறைக் கன்ட்ரோலரைப் புதிய கன்சோலின் ஆட்டங்கள் ஏற்காமல் போகலாம். ஒயர் இணைப்புதான், 3 மீட்டர் கேபிள். ஒயர்லெஸ் கன்ட்ரோலரை இணைப்பு நீக்காமல் எழுந்து போனால், அடுத்தவர் ஆட்டத்தின் நடுவில் உங்கள் பையில் இருந்து அது விழித்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்திவிடும். தோல்வி நிறுத்தியவர் தலையில் விழும். பட்டன் அமைப்பைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் தொடங்கும் முன் 30 வினாடியில் மாற்றிவிடலாம்.

உங்கள் நண்பருக்கு: பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றரை கிலோவுக்கும் மேல் இருக்கும். குலுங்கும்போது அந்த எடை முழுவதும் மதர்போர்டின் ஸ்லாட்டில் தொங்கும். கழற்றி, ஆன்டி-ஸ்டாட்டிக் உறையில் போட்டு, அதன் சொந்தப் பெட்டியில் தனியே கொண்டுபோகட்டும். கேபினட்டை மதர்போர்டு தரைக்கு இணையாக இருக்கும்படி படுக்க வைத்தால், சி.பி.யூ. மேலுள்ள பெரிய கூலர் தொங்காமல் உட்கார்ந்திருக்கும். போய்ச் சேர்ந்து ஆன் செய்தும் திரை வரவில்லை என்றால், முதலில் ரேமைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். பயணத்தில் அதுதான் தளரும். குளிரில் வந்த கணினியை உடனே ஆன் செய்யாதீர்கள். உள்ளே ஈரம் படிந்திருக்கலாம், அறைச் சூட்டுக்கு வரட்டும். 10 மீட்டர் நெட்வொர்க் கேபிள், தரமான எக்ஸ்டென்ஷன் போர்டு, ஸ்பீக்கருக்குப் பதில் ஹெட்ஃபோன். எல்லா ஆட்டங்களையும் வீட்டிலேயே அப்டேட் செய்துவிடுங்கள். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறக்கும் இணைப்பில் 40 ஜி.பி. அப்டேட் இறங்கி முடிவதற்குள் முதல் நாள் போய்விடும்.

கேள்வி: எத்தனை எம்.ஏ.எச். பவர் பேங்க் போதும்? விமானத்தில் விடுவார்களா?

பதில்: எம்.ஏ.எச். எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட்-அவர் வரும். 20,000 என்றால் 74. விமானத்தில் 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. அதற்கு மேல் கூடாது. 30,000 எம்.ஏ.எச். என்பது 111, அதனால் வீண் தொந்தரவு. எதுவாயினும் கைப்பையில்தான், பெட்டியில் கூடவே கூடாது. அளவு அச்சிட்ட எழுத்து தேய்ந்துபோன பவர் பேங்கைப் பிடித்துவைக்கிறார்கள், ஆகவே அதையும் பாருங்கள். பறக்கும்போது பயன்படுத்தவும் பல நிறுவனங்கள் தடை விதித்துள்ளன.

20,000 எம்.ஏ.எச். இருந்தால் 5,000 எம்.ஏ.எச். போனை ஏறத்தாழ 3 முறை நிரப்பலாம், 4 முறை அல்ல. மின்னழுத்தம் மாறும்போது ஒரு பகுதி சூடாகப் போய்விடுகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இது தாராளம். கூட்டத்தில் சிக்னல் தேடித்தேடியே பேட்டரி கரையும், தேவையில்லாத நேரம் ஃப்ளைட் மோடில் வையுங்கள். டிக்கெட்டின் கியூஆர் படம், அரங்க வரைபடம், நிகழ்ச்சி அட்டவணை மூன்றையும் முன்பே போனில் சேமியுங்கள். வாசலில் நெட் கிடைக்காமல் நிற்பவர்கள்தான் அந்த வரிசையையே தாமதமாக்குகிறார்கள்.

கேள்வி: ஒரே நேரத்தில் எனக்குப் பிடித்த மூன்று நிகழ்ச்சிகள். எப்படித் தேர்வு செய்வது?

பதில்: ஒரு நாளைக்கு விட்டுக்கொடுக்க முடியாதது ஒன்று, கிடைத்தால் நல்லது இரண்டு. அதற்கு மேல் போடாதீர்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அறையைக் காலி செய்கிறார்களா என்பதைத் தெரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். சான் டியாகோ காமிக்-கானின் 'ஹால் எச்' என்ற அரங்கில் சுமார் 6,500 இருக்கை. ஆனால் இடையில் யாரையும் எழுப்பமாட்டார்கள். காலையில் உட்கார்ந்தவர் மாலை வரை உட்காரலாம். அங்கே மதிய நிகழ்ச்சிக்கு மதியம் போனால் இடம் இருக்காது; காலை நிகழ்ச்சிக்கே போய் உட்கார வேண்டும். காலி செய்யும் விழாக்களில் இதற்கு நேர்மாறு: ஒன்று முடியும் முன்பே எழுந்து அடுத்த வரிசையில் நிற்க வேண்டும்.

பின்னால் ஒளிப்பதிவாக வரக்கூடிய பெரிய மேடையை விட்டுவிட்டு, நூறு பேர் உட்காரும் சிறு அறைக்குப் போங்கள் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. ஓவியர் கோடு போடுவதை இரண்டடி தூரத்தில் பார்ப்பது, ஆட்டத்தை வடிவமைத்தவரிடமே சந்தேகம் கேட்பது, இதெல்லாம் அங்கேதான் நடக்கும். இதற்காகத்தானே அத்தனை தூரம் போகிறோம்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. அவளையும் அவள் தோழியையும் அழைத்துப் போகிறேன். உள்ளே அவர்களைத் தனியே விடலாமா?

பதில்: முதலில் விழாவின் வயது விதியைப் பாருங்கள். எந்த வயது வரை பெரியவர் கூடவே இருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அனுமதி இருந்தால், முதல் நாள் முழுவதும் சேர்ந்தே சுற்றிவிட்டு, இரண்டாம் நாள் ஒரு குறிப்பிட்ட கூடத்துக்குள் மட்டும் 1 மணி நேரம் விட்டுப் பாருங்கள். சந்திக்கும் இடம் நகராததாக இருக்கட்டும்: எண் எழுதிய தூண், தகவல் மேசை. "அந்தப் பெரிய டிராகன் பக்கத்தில்" என்றால், டிராகன் நடந்து போய்விடும். போன் வேலை செய்யாது என்றே வைத்துக்கொண்டு, "ஒவ்வொரு மணியும் முடியும்போது இங்கே" என்று முடிவு செய்யுங்கள்.

தினமும் காலையில் அன்று அணிந்த உடையோடு இருவரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணைக் கையில் பால்பாயின்ட்டில் எழுதினால் வியர்வையில் போய்விடும், கைப்பட்டையின் உட்பக்கம் எழுதுங்கள். இரவு நிகழ்ச்சிகளில் பெரியவர்களுக்கு மட்டுமானவை உண்டு, அட்டவணையில் குறி இருக்கும். உடையணிந்தவர்களைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும், உடையைத் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். மகளே உடையணிந்து வந்தால், படத்துக்கு "வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கும் முழு உரிமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரைச்சல் தாங்காதவர்களுக்குப் பல விழாக்களில் அமைதி அறை இருக்கிறது. அது எங்கே என்று போனவுடன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு விழா முடிந்ததும் காய்ச்சலோடுதான் திரும்புகிறேன். கால் கொப்புளம் வேறு. தவிர்க்க முடியுமா?

பதில்: இதற்கு ரசிகர் வட்டத்தில் "கான் கிரட்" என்றே பெயர் உண்டு (கான் என்றால் ரசிகர் விழா). மூடிய கூடம், நெருக்கம், தூக்கமின்மை, ஆயிரம் பேர் தொட்ட கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்தால் அதுதான் நடக்கும். 2009-ல் சியாட்டிலில் நடந்த பாக்ஸ் என்ற விளையாட்டு ரசிகர் விழாவுக்கு வந்தவர்களிடையே எச்1என்1 காய்ச்சல் பரவியது. பழைய விழாக்காரர்கள் சொல்லும் கணக்கு 5-2-1: தினமும் குறைந்தது 5 மணி நேரத் தூக்கம், 2 முழு உணவு, 1 குளியல். இது அடிமட்டம், இலக்கு அல்ல. 5 மணி நேரத்தை 7 ஆக்க முடிந்தால் ஆக்குங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வரிசைகளில் முகக்கவசம் அணியுங்கள். கூடத்து இரைச்சலை மீறிக் கத்தியே பலருக்குத் தொண்டை கட்டுகிறது. பேச வேண்டுமென்றால் தாழ்வாரத்துக்கு வந்து பேசுங்கள். காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள், பேட்ஜ் வீணானாலும் சரி.

கொப்புளம் உராய்வும் ஈரமும் சேர்வதால் வருவது. பழகிய ஷூ இரண்டு ஜோடி கொண்டுபோய் நாள் மாற்றி அணியுங்கள். மதியம் சாக்ஸை மாற்றுங்கள். தோல் சூடாக, எரிவதுபோல் உணரும் அந்த நிமிடமே டேப் ஒட்டுங்கள், கொப்புளம் எழும்வரை காத்திருக்காதீர்கள். உடைக்கான பூட்ஸைக் கிளம்பும் முன் வீட்டில் குறைந்தது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 2 மணி நேரம் போட்டு நடந்து பாருங்கள். முழு உடலையும் மூடும் உடை என்றால் 20–30 நிமிடத்துக்கு ஒருமுறை தலைப்பகுதியைக் கழற்றித் தண்ணீர் குடியுங்கள். கூட ஒருவர் இல்லாமல் அதை அணிய வேண்டாம். உள்ளிருப்பவருக்குத் தலைசுற்றுவது வெளியே யாருக்கும் தெரியாது.

கேள்வி: வாங்கும் சாமான்களைச் சேதமில்லாமல் கொண்டுவருவது எப்படி? பணமாக எவ்வளவு வைத்துக்கொள்வது?

பதில்: போகும்போதே பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். நடுத்தரச் சதுரப் பெட்டி போர்டு கேம் ஒன்று ஏறத்தாழ 30 × 30 × 7 செ.மீ., எடை 2 கிலோவைத் தொடும். நான்கு வாங்கினால் 8 கிலோ. கெட்டி அட்டை ஓவிய நூல் ஒன்று சேர்ந்தால் இன்னும் ஒரு கிலோ. கையில் தூக்கி அளக்கும் சிறு தராசு ஒன்றை எடுத்துப்போனால் விமான நிலையத்தில் பெட்டியைப் பிரிக்க நேராது. ரப்பர் பேண்ட் போடாதீர்கள், பெட்டியின் விளிம்பை அது வெட்டும். உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றினால் மூடி திறக்காது, உள்ளே காய்களும் கொட்டாது.

போஸ்டருக்குக் குழாய் வாங்கும் முன் எந்தப் பக்கமாகச் சுருட்டுவது என்று யோசியுங்கள். ஏ2 தாள் 42 × 59.4 செ.மீ. நீளவாக்கில் சுருட்டிக்கொண்டு போனால் சுருளின் நீளம் 42 செ.மீ. மட்டுமே, 55 செ.மீ. கேபின் பையில் அப்படியே அடங்கும். பலர் மறுபக்கமாகச் சுருட்டிவிட்டு, 60 செ.மீ. குழாயைக் கையில் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். ஏ1 என்றால் சிறிய பக்கமே 59.4 செ.மீ., பையில் மூலைவிட்டமாகத்தான் வைக்க வேண்டும். குழாயின் விட்டம் 7 செ.மீ.க்குக் குறைந்தால் கெட்டித் தாளில் மை விரிசல் விடலாம். படம் உள்பக்கம் இருக்கும்படி, மேலே ஒரு வெள்ளைத் தாள் வைத்துச் சுருட்டுங்கள்.

பணத்தில் தொகையை விடச் சில்லறை முக்கியம். ஓவியர்களின் சிறு மேசைகளில் கார்டு எந்திரம் இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் நெட் இல்லாமல் நின்றுவிடலாம். 1975 டிசம்பரில் தொடங்கிய காமிகெட்டில் பெரிய நோட்டை நீட்டுவது மரியாதைக் குறைவாகவே பார்க்கப்படும். 1,000 யென் நோட்டும் 500, 100 யென் நாணயங்களுமாகப் பை நிறையக் கொண்டுபோவார்கள். வேறெங்கும் இதே பழக்கம் நல்லது. நாள் ஒன்றுக்கான தொகையைத் தனித்தனி உறையில் போட்டு, அன்றைய உறையை மட்டும் கையில் எடுங்கள். மற்றவை அறையின் லாக்கரில் இருக்கட்டும்.

கையெழுத்து வாங்கப் போகிறவர்கள் பேனாவைத் தாங்களே கொண்டுபோகட்டும். கருமையான படத்துக்கு வெள்ளிநிறப் பெயிண்ட் பேனா, வெளிர் படத்துக்கு நுண்முனைக் கறுப்பு மார்க்கர். பெயிண்ட் பேனாவை வரிசையில் நிற்கும்போதே நன்றாகக் குலுக்கி, வேறு தாளில் அழுத்தி மை இறங்குகிறதா என்று பாருங்கள். கலைஞரின் கையில் கொடுத்த பிறகு முதல் அழுத்தத்தில் மை கொட்டினால் படம் பாழாகிவிடும். வாங்கிய பின் 5 நிமிடமாவது திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்று, காய்ந்த பிறகே உறைக்குள் போடுங்கள்.